உத்திரமேரூர் கல்வெட்டும் நாட்டு வரலாற்று நூல்களின் அரசியல் சார்பும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 919) சேர்ந்தது. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 921) சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தெரிந்தெடுக்கும் விதிகளை இவை கூறுகின்றன. பள்ளிப் பாடநூல், போட்டித் தேர்வு வழிகாட்டி, தலைவர்களின் மேடைப்பேச்சு, நாட்டு வரலாற்றைக் கூறும் வெகுமக்கள் நூல்கள் என எங்கும் இக்கல்வெட்டுகள் பேசப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு நூலிலும் இவற்றின் பொருள் ஒவ்வொரு விதமாக உள்ளது. கல்லில் உள்ள எழுத்து ஆயிரத்து நூறு ஆண்டுகளாக மாறவில்லை. படிப்பவர்களின் அரசியல் தேவைதான் மாறிவந்துள்ளது. நாட்டு வரலாற்று நூல்களில் அரசியல் சார்பு எவ்வாறு நுழைகிறது என்பதை அறிந்துகொள்ள இக்கல்வெட்டு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஊரும் கல்வெட்டும்

உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி, வட்டத் தலைநகரம். பழைய பெயர் உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர் இது. காளியூர்க் கோட்டத்துக்குள் தனியூராக விளங்கியது. இங்குள்ள பெரிய ஏரி வயிரமேக தடாகம் எனப்பட்டது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் பல இவ்வூர்க் கோயில்களில் உள்ளன. நிலம், ஏரி, கோயில், தோட்டம், தெரு ஆகியவற்றைச் சபை எவ்வாறு நிருவகித்தது என்பதை அவற்றிலிருந்து அறியலாம்.

1898இல் கல்வெட்டுத் துறையினர் பராந்தகன் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். வெ. வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் அவற்றைப் பற்றி எழுதினார். அதன்பின் கே.வி. சுப்பிரமணிய ஐயர், கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்றோர் விரிவாக ஆராய்ந்தனர்.

கல்வெட்டு கூறும் விதிகள்

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோரின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதினர். தகுதிகள் பின்வருமாறு:

கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது, 919ஆம் ஆண்டு விதிப்படி 30க்கு மேல் 60க்குள். 921ஆம் ஆண்டு விதிப்படி 35க்கு மேல் 70க்குள். வேதத்தின் மந்திரப் பகுதியும் பிராமணப் பகுதியும் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே இருந்தாலும், ஒரு வேதத்தில் வல்லவராகவும் ஒரு பாஷ்யத்தை விளக்கிச் சொல்லக் கூடியவராகவும் இருந்தால் போதும் என்று இரண்டாம் கல்வெட்டு சற்றுத் தளர்த்துகிறது. காரியத்தில் நிபுணராகவும், நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராகவும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்யாதவராகவும் இருக்க வேண்டும்.

தகுதி இழப்புகளும் விரிவாக உள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருக்கு மட்டுமன்றி, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார் போன்ற நெருங்கிய உறவினருக்கும் இத்தடை பொருந்தும். பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும்பாதகம் செய்தவர், உண்ணத்தகாதன உண்டவர் ஆகியோரும் விலக்கப்பட்டனர். தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டோருடன் சேர்ந்ததால் விலக்கப்பட்டவர், பிராயச்சித்தம் செய்யும்வரை தகுதி பெறார் என்ற விதியும் உண்டு.

தெரிந்தெடுக்கும் நாளில், சிறியோர் முதல் பெரியோர் வரை மகாசபை முழுவதும் கூடியது. அன்று ஊரில் இருந்த கோயில் நம்பிமார் அனைவரும் வந்து அமர்ந்தனர். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணுமாறு தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுத்தான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படித்தான். நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் படித்தனர். இவ்வாறு 30 குடும்புக்கும் 30 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். இவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் தனியே குடவோலை நடந்தது. பணிக்காலம் 360 நாள்.

இவ்விதிகளைச் சபை மட்டும் தனித்துச் செய்யவில்லை. அரசனின் ஆணை வந்தது. அரசனின் அதிகாரி உடனிருந்தார். அவ்வாணைப்படி சபை வியவஸ்தை செய்தது. இரண்டே ஆண்டுகளில் விதிகள் திருத்தப்பட்டிருப்பதால், முதல் ஏற்பாட்டில் குறை கண்டு சரிசெய்துள்ளனர் எனக் கொள்ளலாம்.

ஆங்கிலேயர் எழுதிய வரலாறு

இக்கல்வெட்டு படியெடுக்கப்பட்ட காலத்தில் இந்தியாவைப் பற்றிப் பரவலாகப் படிக்கப்பட்ட வரலாறு ஆங்கிலேயர் எழுதியது. ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட 'பிரிட்டிஷ் இந்திய வரலாறு' அவற்றுள் முதன்மையானது. மில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி எதுவும் அறியார். ஆயினும் இந்திய வரலாற்றை இந்து, முகம்மதியர், பிரிட்டிஷ் எனப் பிரித்தார். கீழை நாட்டினர் கொடுங்கோல் ஆட்சிக்கே பழகியவர்கள் என்பது அந்நூலின் கருத்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் பயின்ற ஹெய்லிபரிக் கல்லூரியில் அது பாடநூலாக விளங்கியது. தம்மைத் தாமே ஆளத் தெரியாத மக்களைப் பிறர் ஆள்வதில் தவறில்லை என்ற எண்ணத்துக்கு அது துணை நின்றது.

சார்லஸ் மெட்காஃப் 1830இல் எழுதிய குறிப்பு இதற்கு மாறானது. இந்தியக் கிராமங்கள் சிறு குடியரசுகள் என்றும், அரசுகள் மாறினாலும் அவை மாறாமல் நிற்பவை என்றும் அவர் கூறினார். அக்கிராமங்களுக்குள் யார் நிலம் வைத்திருந்தார், யார் கூலியாக உழைத்தார் என்ற வேறுபாடு அதில் காணப்படவில்லை. ஒன்று இகழ்ச்சி, மற்றொன்று புகழ்ச்சி. இரண்டுமே நிருவாகத் தேவையிலிருந்து பிறந்தவை.

தேசிய இயக்கத்தின் மறுமொழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அறிஞர்கள் மில்லுக்கு மறுமொழி எழுதினர். ஆர்.சி. மஜும்தார், ராதாகுமுத் முகர்ஜி, கே.பி. ஜெயஸ்வால் ஆகியோரின் நூல்கள் 1918 முதல் 1924 வரையான காலத்தில் வெளிவந்தன. தன்னாட்சிக் கோரிக்கை வலுத்திருந்த காலம் அது. தங்களை ஆளத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு, கல்லில் வெட்டிய ஊராட்சி விதிகளைவிடச் சிறந்த மறுமொழி கிடைப்பது அரிது. எனவே உத்திரமேரூர் முக்கியத்துவம் பெற்றது.

இவ்வறிஞர்கள் பொய் எழுதவில்லை. மூலங்களைத் தேடிப் படித்தனர். ஆங்கிலேயர் கண்டுகொள்ளாதவற்றை வெளிக்கொணர்ந்தனர். ஆயினும் தாம் கண்டதைத் தம் காலத்து ஆட்சிச் சொற்களால் விளக்கினர். குடும்பு 'வார்டு' ஆயிற்று. ஓலை 'வாக்குச்சீட்டு' ஆயிற்று. தெரிந்தெடுத்தல் 'தேர்தல்' ஆயிற்று. ஆய்வு நூல்களில் அடிக்குறிப்போடு இருந்த இச்சொற்கள், வெகுமக்கள் நூல்களுக்கு வந்தபோது அடிக்குறிப்பை இழந்தன. இன்றும் சில நூல்களில் ஊர்மக்கள் வரிசையாக நின்று குடத்தில் ஓலை இடுவது போன்ற படங்களைக் காணலாம். கல்வெட்டில் எவரும் வாக்களிக்கவில்லை. தகுதியுடையோர் அனைவரின் பெயரும் குடத்தில் இருந்தது, சீட்டு எடுக்கப்பட்டது. அது குலுக்கல் முறை.

ஜவாஹர்லால் நேரு 1944இல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதி, 1946இல் வெளியான 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலிலும் இதன் சாயல் உண்டு. ஊரின் பெயரைக் கூறாமல், பழைய கல்வெட்டுகள் சில ஊர்ச் சபை உறுப்பினரின் தகுதிகளையும் தகுதி இழப்புகளையும் கூறுவதாக அவர் எழுதுகிறார். கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டதையும், உறவினருக்குப் பதவி தரக்கூடாது என்ற விதியையும் பாராட்டுகிறார். குழுக்களில் பெண்களும் பணியாற்றலாம் என்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பெண்களுக்கு இடமில்லை. வேதக் கல்வியும் நிலவுடைமையும் தகுதியாக இருந்த சபையில் எல்லாப் பிராமணரல்லாதாரும் வெளியே நின்றதை நேரு அங்கு வலியுறுத்தவில்லை. விடுதலை பெறவிருந்த நாட்டுக்கு நம்பிக்கை ஊட்டுவது அந்நூலின் நோக்கம். அந்நோக்கமே எதைச் சொல்வது என்பதைத் தீர்மானித்தது.

அரசியல் நிர்ணய சபையில்

இந்தப் புகழ்ச்சிக்கு வலுவான மறுப்பு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசு என்ற கருத்தைக் கடுமையாக மறுத்தார். கிராமம் குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் இருப்பிடம் என்றார். தனிமனிதனையே அரசியலமைப்பின் அடிப்படை அலகாகக் கொண்டது சரி என்றார். எனினும் கிராம ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற கூறு 40 பின்னர் சேர்க்கப்பட்டது.

அதே அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில், இந்தியா மக்களாட்சி முறைகளை அறியாத நாடு அன்று என்றும் கூறினார். அதற்குப் பௌத்த சங்கங்களின் கூட்ட நடைமுறைகளைச் சான்று காட்டினார். பழமையில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு என இரண்டையும் கூறத் தயங்காதவர் அவர். பின்னாளில் எழுதியவர்கள் இவ்விரு உரைகளில் தமக்கு ஏற்ற ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

இன்றைய சார்புகள்

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் நரேந்திர மோடி உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். சொத்து விவரத்தைத் தெரிவிக்காத மக்கள் பிரதிநிதியும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலில் நிற்க முடியாது என்று அதில் கூறப்பட்டுள்ளதாகப் பேசினார். கல்வெட்டு கூறுவது சொத்துக் கணக்கை அன்று. வாரியப் பணியில் இருந்தபோது கையாண்ட கணக்கை. வேட்பாளரின் சொத்து விவரம் என்பது இக்காலத் தேர்தல் விதி. 2022இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் 'இந்தியா: மக்களாட்சியின் தாய்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டது. மக்களாட்சி இங்கேதான் பிறந்தது என்ற முடிவு, நூலைத் திறக்கும் முன்பே தலைப்பில் வந்துவிடுகிறது.

தமிழ்ப் பெருமை பேசும் நூல்களிலும் இதே போக்கு உண்டு. 'உலகின் முதல் தேர்தல் தமிழகத்தில்' என்பது அவற்றில் அடிக்கடி வரும் தொடர். உத்திரமேரூருக்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்சு நகரத்தில் பதவிகளுக்குக் குலுக்கல் முறை இருந்தது. தமிழகத்திலேயே திருநெல்வேலிப் பகுதி மானூரில், ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு சபை உறுப்பினர் தகுதிகளைக் கூறுகிறது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அகநானூற்றின் 77ஆம் பாடலில் உவமையாக வருவதையும் ஆய்வாளர்கள் இதனோடு இணைத்துப் பேசுவர். எனவே 'முதல்' என்ற சொல் சான்றுக்கு மீறியது. மேலும், இந்நூல்கள் தமிழர் அனைவரும் அச்சபையில் இருந்ததுபோல எழுதுகின்றன. கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை.

எதிர்த்திசையில் மற்றொரு சார்பு இருக்கிறது. 'அது பிராமணர் சபை. எனவே படிக்க ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடுவது அது. பிராமணர் சபை என்பது உண்மை. ஆனால் கணக்குக் காட்டாதவரை விலக்கியது, மூன்றாண்டு இடைவெளி விதித்தது, உறவினர் ஆதிக்கத்தைத் தடுத்தது, எல்லோர் முன்னிலையிலும் ஓலையைப் படித்தது ஆகியனவும் உண்மை. வெனிஸ் குடியரசில் ஆட்சித் தலைவரைத் தெரிந்தெடுக்கும் முறையிலும் குலுக்கல் குண்டுகளை ஒரு சிறுவனே எடுத்தான். அதிகாரம் உள்ளவர் கையில் சூழ்ச்சி நுழையாதிருக்க, தொலைவில் இருந்த இரு சமூகங்கள் ஒரே வழியைக் கண்டுள்ளன. அது கவனத்துக்கு உரியது. சோழர் காலத்தில் சபையோடு, வேளாண் மக்களின் 'ஊர்', வணிகரின் 'நகரம்', பல ஊர்கள் சேர்ந்த 'நாடு' ஆகிய அமைப்புகளும் இருந்தன. உத்திரமேரூரை மட்டும் வைத்துச் சோழர் ஆட்சியைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு.

ஆய்வுலகம் இந்த இரு எல்லைகளையும் கடந்து வந்துள்ளது. பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில், சோழ அரசு மையப்படுத்தப்பட்ட பேரரசு என்ற கருத்தையே வினாவுக்கு உள்ளாக்கினார். நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோர் பல நூறு கல்வெட்டுகளைத் தொகுத்து எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து, நிலவுடைமையும் அதிகாரமும் எவ்வாறு மாறின எனக் காட்டினர். ஆனால் இத்தகைய நூல்கள் வெகுமக்கள் வாசிப்புக்கு வருவது குறைவு. வருவது பெரும்பாலும் ஒற்றை வரிப் பெருமையோ ஒற்றை வரி வசையோதான்.

ஒரு சொல் மாறிய கதை

சொற்பொருள் மாற்றத்தைக் கவனியாமல் படித்தால் எவ்வளவு தவறு நேரும் என்பதற்கு இக்கல்வெட்டிலேயே சான்று உள்ளது. வாரியத்துக்குத் தெரிந்தெடுப்பதில் ஊரின் 12 சேரிகள் குறிப்பிடப்படுகின்றன. இன்று 'சேரி' என்ற சொல் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைக் குறிக்கும். அப்பொருளில் படிப்பவர், ஒடுக்கப்பட்டோருக்கும் வாரியத்தில் இடமிருந்தது என்று மகிழக்கூடும். அக்காலப் பிரமதேய ஊர்களில் சேரி என்பது பிராமணர் குடியிருந்த பகுதியையே குறித்தது.

ஏன் இது முக்கியம்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சபையில் யார் இருந்தார் என்பது வெறும் தேர்வு வினா அன்று. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டை எதிர்த்ததால் 1996 முதல் முறையாகத் தேர்தல் நடத்த இயலவில்லை, 2006இல்தான் நடந்தது.

நம் கிராமங்களில் எல்லோருக்குமான மக்களாட்சி ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது என்று ஒரு நூல் எழுதினால், இப்போராட்டம் எதற்காக நடந்தது என்பதற்கு அந்நூலில் விடை இராது. பழைய சபையில் யாருக்கு இடமில்லையோ, அவர்களுடைய வழித்தோன்றல்கள் அண்மையில்தான் அந்த நாற்காலியை அடைந்தனர். சிலர் உயிரைக் கொடுத்து அடைந்தனர். அதேபோல, பழமையில் ஒன்றுமே இல்லை என்று எழுதும் நூல், இன்றைய ஊராட்சிக்கும் தேவையான ஒரு விதியை இழந்துவிடுகிறது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்பதே அவ்விதி. இன்று ஊராட்சியின் வரவு செலவைக் கிராமசபைக் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அங்கு எழுந்து கணக்குக் கேட்கும் ஒருவருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு நல்ல துணை.

மாணவர் கவனிக்க வேண்டியவை

வரலாற்று நூலில் உள்ள சார்பு பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை. தேர்ந்து சொல்வதிலும், சொல்லாமல் விடுவதிலும், பழைய பொருளுக்குப் புதிய சொல்லை இடுவதிலும் வருகிறது. எனவே நூலைப் படிக்கும்போது சில வினாக்களை எழுப்பிக்கொள்வது பயன்தரும்.

1. நூல் எப்போது, எந்தச் சூழலில் எழுதப்பட்டது? யாருக்கு மறுமொழியாக எழுதப்பட்டது?
2. மூலச் சான்று முழுமையாகத் தரப்பட்டுள்ளதா, ஓரிரு வரி மட்டுமா? தகுதிகளைக் கூறும் நூல் தகுதி இழப்புகளையும் கூறுகிறதா?
3. தேர்தல், வார்டு, வேட்பாளர் போன்ற இக்காலச் சொற்கள் மூலத்தில் எந்தச் சொல்லுக்கு ஈடாக வந்துள்ளன?
4. 'முதல்', 'உலகிலேயே', 'எப்போதும்', 'எல்லோரும்' போன்ற சொற்களுக்குச் சான்று உண்டா?
5. அந்நிகழ்வில் யார் பேசப்படவில்லை? பெண்கள், உழைப்பாளிகள், நிலமற்றோர் எங்கே இருந்தனர்?

இவ்வினாக்களைத் தமக்குப் பிடிக்காத நூலிடம் மட்டுமன்றி, பிடித்த நூலிடமும் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

உத்திரமேரூர் செல்லும் மாணவர்கள் கல்வெட்டின் எழுத்துகளை இன்றும் கண்ணால் காணலாம். பத்தாம் நூற்றாண்டுத் தமிழும் கிரந்தமும் கலந்த அவ்வெழுத்துகளை உடனே படிக்க இயலாது. ஆனால் அவற்றின் அச்சு வடிவமும் மொழிபெயர்ப்பும் நூலகங்களில் கிடைக்கின்றன. அவற்றை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டு, பிறகு தம் கையிலுள்ள வரலாற்று நூலைத் திறந்தால், எந்த வரி கல்லிலிருந்து வந்தது, எந்த வரி நூலாசிரியரின் விருப்பத்திலிருந்து வந்தது என்பதைத் தாமே பிரித்தறியலாம்.